சின்னச் சத்தம், லேசான கடுஞ்சொல் கூட என்னை ரொம்பப் பாதிக்கிறது. இது நோயா?

நோய் இல்லை, அதிக உணர்திறன் என்ற குணம். உளவியலாளர்களான எலைன் ஏரனும் ஆர்தர் ஏரனும் 1997-இல் இதை ஆராய்ந்து, 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மனநோய்ப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை. இரட்டையர்களிடம் நடந்த ஆய்வின்படி, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு மரபணுவே காரணம்; மீதி சூழல்.

உங்கள் மூளை வருவதையெல்லாம் ஆழமாக அலசுகிறது. அதனால் சீக்கிரம் களைக்கிறது. அதே காரணத்தால்தான் அன்பான சூழலும் நல்ல வழிகாட்டலும் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பலன் தரும். இந்தப் பக்கத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

பெரும்பாலானோர் தவறுவது எப்போது ஓய்வெடுப்பது என்பதில். தலை கனத்து, எரிச்சல் பொங்கிய பிறகு ஒதுங்கினால் தணிய மணிக்கணக்காகும். தாடை இறுகுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது போன்ற முதல் அறிகுறியிலேயே பத்து நிமிடம் எழுந்து போய்விடுங்கள், போனை எடுக்காமல். கூட்டமான நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். தூக்கம் குறைந்த நாளில் எல்லாமே இரட்டிப்பாக உறைக்கும். அன்று காபியைக் குறைத்துப் பாருங்கள்.

வீட்டாரிடம் "நான் இப்படித்தான்" என்று சொல்வதால் பயனில்லை. "டிவி சத்தத்தைக் குறைத்தால் பேச முடியும்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் தவிர்க்கத் தொடங்காதீர்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம்தான் வளரும். உணர்திறன் அதிகமானவருக்குத் தனிமையில் களைப்பு தணியும். தனியாக இருக்கும்போதும் பதற்றம் விடவில்லை, வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.