மேற்படிப்புக்கு எடுக்கும்போது கம்பஸின் பெயரைப் பார்ப்பார்களா?

கேட்டிருப்பவர் வெள்ளவத்தைத் தம்பி ஒருவர். கிடைத்தது கொழும்புப் பல்கலைக்கழகமும் இல்லை, மொறட்டுவையும் இல்லை. தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே பாடநெறி கிடைத்திருக்கிறது. பெயருக்காக மூன்றாம் தடவையும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதலாமா என்கிறார்.

வேண்டாம் தம்பி, போய்ச் சேருங்கள்.

நானும் பெரிய பெயரில்லாத இடத்தில் படித்தவள்தான். கல்யாண வீட்டில் "எந்தக் கம்பஸ் பிள்ளை?" என்று கேட்கும் அன்ரிமார், பதில் வந்ததும் பாயாசத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஆனால் கனடாவில் என் விண்ணப்பத்தைப் பார்த்தவருக்கு நம்முடைய ஏ.எல். தரப்படுத்தல் புள்ளியான இசட் ஸ்கோர் என்றால் என்னவென்றே தெரியாது. இலங்கையில் பல்கலைக்கழக இடங்களை 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பதும், கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி ஏறி நிற்பதும் நமக்குத்தான் பெரிய கதை.

என்னை உள்ளே எடுத்தது ஒரு பரிந்துரைக் கடிதம். உண்மையில் இரண்டு கேட்டிருந்தேன். ஒரு விரிவுரையாளர் ஐந்து வரி தந்தார்: ஒழுங்காக வகுப்புக்கு வருபவர், நற்பண்பு உள்ளவர். யாரோ ஒரு பையனுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். கடிதம் முழுக்க நான் 'ஹீ'. மற்றவர் புதிதாக வந்த மிஸ். இறுதியாண்டு ஆய்வில், மழைத் தரவில் பதிவே இல்லாத நாட்களுக்கும் பூச்சியம் போட்டிருந்ததை நான் கண்டுபிடித்து, மூன்று வாரம் பழைய கையெழுத்துப் பதிவேடுகளோடு ஒப்பிட்டேன். அதை அப்படியே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஸூமில் பேசிய பேராசிரியர் கிட்டத்தட்ட முழு நேரமும் மழையைப் பற்றியே கேட்டார்.

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1976 இல் கல்லூரி சேர்ந்தவர்களை வைத்து பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் அலன் குரூகரும் 2002 இல் எழுதிய ஆய்வில், பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரண இடத்துக்குப் போனவர்கள் பின்னாளில் ஏறத்தாழ அதே அளவுதான் சம்பாதித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய கல்லூரி உதவியது. 2023 இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் பார்த்ததில், ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் வகைக் கல்லூரிகள் சராசரி வருமானத்தைப் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் வருமானத்தில் உச்ச 1 வீதத்துக்குள் போகும் வாய்ப்பைக் கூட்டின, பெரிய பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குப் போகும் வாய்ப்பையும் ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. பேராசிரியர் வேலைக்குப் போனால் பெயர் இன்னும் கடுமையாக வேலை செய்யும், ஆனால் அங்கே பார்ப்பது பிஎச்.டி. முடித்த இடத்தை.

உங்களுக்கு இப்போது பெயரை விட முக்கியமான கேள்வி: மூன்று வருடமா, நான்கு வருடமா? மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு போனால் வெளிநாட்டில் பல இடங்களில் கதவிலேயே நிறுத்துவார்கள். நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்கு எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சீனியர்களிடம் கேளுங்கள்.

அப்புறம், பகிடிவதைக் காலம்தானே என்று முதல் செமஸ்டரைக் கோட்டை விடாதீர்கள். நான் விட்ட ஒரு 'சி' கடைசிவரை ஜீ.பி.ஏ.யில் (பட்டத்தின் மொத்தச் சராசரிப் புள்ளியில்) உட்கார்ந்திருந்தது. ஸூமில் மழைக்குப் பிறகு கேட்ட ஒரே கேள்வியும் அதைப் பற்றித்தான்.