டாக்டர்கிட்ட கேளுங்க: "சார், அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது"

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, வயித்துல கேன்சர்னு பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு. ரொம்ப பயந்த சுபாவம், அதனால அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். ஆனா எங்க டாக்டர், அவர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்னு பிடிவாதமா இருக்காரு. கொஞ்சம்கூடவா இரக்கம் இருக்காது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரக்கம் இருக்கறதாலதாம்மா அவரு முழிக்கறாரு. என் ரூமுக்கும் இப்படித்தான் வருவாங்க, பேஷண்ட்டை வெளிய பெஞ்சுல உக்கார வச்சிட்டு பையன் மட்டும் முதல்ல உள்ள வந்து ஃபைலை டேபிள்ல கவுத்து வச்சு "சார், அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கிசுகிசுப்பாரு. சில பேரு கேன்சர்னு போட்டிருக்கிற பக்கத்தை மட்டும் உருவி சட்டைப் பாக்கெட்ல வச்சிருப்பாங்க.

அப்படி வந்த ஒரு பெரியவருக்கு உணவுக்குழாய்ல கட்டி, வீட்ல சொன்னது புண்ணுன்னு. பையன் பில் கட்டப் போன நேரமா பாத்து என்னைக் கேட்டாரு, "புண்ணுக்கு எந்த ஊர்லய்யா கரண்ட் வைக்கறாங்க?" ரேடியேஷனைத்தான் கரண்ட்னு சொன்னாரு. எவ்ளோ தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறீங்கன்னு நான் கேட்டேன். "நிலம் இன்னும் எங்கப்பா பேர்லயே கெடக்கு, பட்டா மாத்தணும், அதுக்கு டைம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க"ன்னாரு. அழல. இவரு உள்ள வந்தா வீட்ல எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்களாம், ஒரு மாசமா அதுதான் தாங்க முடியலைன்னாரு.

சட்டமும் உங்க டாக்டர் பக்கம்தான். மயக்கத்துல இருந்த 44 வயசு பெண்ணோட அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையை எடுத்த சமீரா கோலி வழக்குல, சுயநினைவு திரும்பினதும் தானே முடிவு சொல்லக்கூடிய ஒருத்தருக்கு பதிலா வேற யாரும் சம்மதம் கொடுக்க முடியாதுன்னு 2008-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நாளைக்கு ஆபரேஷனோ கீமோவோ, கையெழுத்து அப்பாதான் போடணும், அல்சர்னு நெனைச்சுட்டு போடற கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

ஒரு வழி இருக்கு. "ரிசல்ட்டை உங்ககிட்ட சொல்லவா, பொண்ணுகிட்ட சொல்லவா"ன்னு அப்பாவையே டாக்டர் கேக்கட்டும். பொண்ணுகிட்டயே சொல்லுங்கன்னு அவரு சொன்னா அதுவும் அவரோட உரிமைதான், அப்ப டாக்டர் பேசாம இருந்தா அது பொய் இல்ல. ஆனா கேக்காமலே நீங்க முடிவு பண்றது சரியில்லம்மா.

கேள்வி: கணவருக்கு ஹெச்ஐவின்னு தெரிஞ்சும் மனைவிகிட்ட டாக்டர் சொல்லாம இருக்கறது துரோகம் இல்லையா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: எடுத்த உடனே சொன்னா அதுவும் துரோகம்தான், வேற ஆளுக்கு. 2017 ஹெச்ஐவி சட்டப்படி முதல்ல கவுன்சலிங் கொடுத்து கணவர் வாயாலயே சொல்ல வைக்கணும், மாட்டார்னு உறுதியாயிடுச்சுன்னா, மனைவிக்கு ஆபத்து இருக்குன்னா, "நான் சொல்லப்போறேன்"னு அவருக்கு தெரிவிச்சிட்டு மனைவியை நேர்ல கூப்பிட்டு கவுன்சலிங்கோட சொல்லலாம். ஃபோன்ல, மாமியார் மூலமா எல்லாம் கூடாது. இதுவே மனைவிக்கு ஹெச்ஐவி இருந்து, கணவர்கிட்ட சொன்னா அடிப்பாரு, வீட்டை விட்டு துரத்துவாருங்கற பயம் இருந்தா சொல்லவே கூடாதுங்குது அதே சட்டம். "அடுத்த வாரம் சொல்லிடறேன் சார்"னு கணவர் இழுத்துட்டே இருப்பாரு பாருங்க, அந்த வாரமெல்லாம் டாக்டருக்கு தூக்கம் வராது.

கேள்வி: மச்சினி கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு வேணும், டைஃபாய்டுன்னு ஒரு சர்டிபிகேட் கேட்டேன், 15 வருஷப் பழக்கம், ஃபேமிலி டாக்டர் முடியாதுன்னுட்டாரு!
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பொய் சர்டிபிகேட்ல கையெழுத்து போட்டா 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி ரெஜிஸ்டர்ல இருந்து பேரையே எடுக்கலாம், உங்க மூணு நாளுக்காக அவரு க்ளினிக்கை மூடணுமா? அதுவும் டைஃபாய்டு மூணு நாள்ல எங்க சார் போகும்?