கேளுங்கள் சொல்கிறோம்: விரால்

கேள்வி: ஆற்றில் பிடித்த விராலைத் தொட்டியில் விட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிப் பலகையால் மூடினோம். காலையில் செத்து மிதந்தது. தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது?

பதில்: தண்ணீரில் குறையில்லை, மூடியில்தான் குறை. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலையின் இருபுறமும் ஒவ்வோர் அறை உண்டு. அதன் மடிப்புகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். மேலே வந்து ஒரு வாய்க் காற்றை இழுத்து அந்த அறையில் அடைத்துக்கொண்டுதான் கீழே போகும். மேலே காற்றுக்கு இடமில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஆழத்தில் கட்டிய வலையில் இரவெல்லாம் மாட்டிக்கொண்ட விராலின் கதியும் இதுதான்.

முக்கால் தொட்டி நிரப்பினால் போதும். பலகைக்குப் பதில் வலையை இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். சிறிதையும் பெரிதையும் சேர்த்து விடாதீர்கள். வாய்க்குள் அடங்கினால் சொந்த இனம் என்றும் பார்க்காது.

கேள்வி: கரையோரம் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் அடிக்கடி மேலே வந்து போகிறது. தண்ணீர் கொதிப்பதுபோல் இருக்கிறது. விரால்தானா?

பதில்: பெரும்பாலும் விரால்தான். ஆழம் குறைந்த ஓரத்தில், செடிகொடிகளை ஒதுக்கி ஓரடி அகலத்துக்கு இடம் பண்ணி முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சுக்குச் சில நாள் முட்டையிலிருந்து கொண்டுவந்த கருவுணவிலேயே கழியும். பிறகு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். காற்று குடிக்கப் பழகியதும் கூட்டமாக மேலே வரும், நீங்கள் பார்த்தது அதைத்தான். ஏறக்குறைய விரல் நீளம் வளர்ந்தால் சிவப்பு மங்கி முதுகு கறுக்கும், கூட்டமும் கலையும்.

அதுவரை பெற்ற மீன் அடியிலேயே காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே தூண்டில் விழுந்தால் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, விரட்டுவதற்காக. தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காவல் மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மீன்கொத்திக்கும் மற்ற மீன்களுக்கும் இரைதான். அந்தப் பருவத்தில் தூண்டில் போடாமல் இருப்பதே முறை.

கேள்வி: வற்றிக் கிடந்த குட்டையில் மழை பெய்ததும் விரால் எப்படி வந்தது?

பதில்: அங்கேயே இருந்திருக்கும். சேற்றுக்குள் புதைந்து, தோலும் மூச்சறையும் ஈரமாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். சேறு உள்வரை காய்ந்து வெடித்தால் பிழைக்காது. அப்படிக் காய்ந்திருந்தால், மழை ஈரத்தில் பக்கத்து நீர்நிலையிலிருந்து புல்வெளி வழியே நெளிந்து வந்திருக்கலாம்.