ஐகான் என்ற சொல்லுக்கு மேற்கில் என்ன பொருள்?

சினிமா நட்சத்திரமும் ஐகான், கணினித் திரையில் இருக்கும் சின்னப் படமும் ஐகான்; இந்தச் சொல்லின் மூலப் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரேக்கத்தில் அதற்கு உருவம், சாயல் என்று பொருள். பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் கிறிஸ்தவர்கள் இயேசு, மரியாள், புனிதர்களின் படங்களை அப்படி அழைத்தார்கள். மரப்பலகையில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு, முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். பொன் பின்னணி வெறும் அழகுக்காக இல்லை. அந்த முகம் நிற்பது இந்த உலகத்து வெளிச்சத்தில் அல்ல என்று காட்டத்தான். பக்தர்கள் அதை முத்தமிடுவார்கள், முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

சரி, இது உருவ வழிபாடு ஆகாதா? இந்தக் கேள்வியால் 8ஆம் நூற்றாண்டில் பேரரசே பிளவுபட்டது, படங்கள் அழிக்கப்பட்டன. படத்துக்குச் செய்யும் மரியாதை அதில் இருப்பவரையே சேரும் என்று 787இல் நைசியா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அறிவித்தது. ஆனாலும் சர்ச்சை ஓய்ந்தது 843இல்தான்.

அங்கிருந்து சினிமாவுக்கு வர, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஓவியர் ஆண்டி வார்ஹால். பிட்ஸ்பர்க்கில், பைசாந்தியக் கத்தோலிக்கக் குடும்பத்தில், ஐகான்கள் வரிசையாக நிற்கும் தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர். 1962இல் மர்லின் மன்றோ இறந்த பிறகு, ஒரு பெரிய பொன்னிறப் பரப்பின் நடுவே அவர் முகத்தைச் சின்னதாகப் பதித்தார். புனிதர் நின்ற இடத்தில் ஒரு நடிகை! அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சொல்லே விளங்கியது.

கணினி ஐகான் அப்புறம் வந்தது. 1984இல் வந்த ஆப்பிளின் மேகிண்டோஷ் கணினிக்கு வடிவமைப்பாளர் சூசன் கேர் 32க்கு 32 கட்டங்களுக்குள் வரைந்தவை பலருக்கு நினைவிருக்கும். பெயர் பொருத்தம்தான்: படத்தைச் சொடுக்கினால் அதன் பின்னால் இருப்பது திறக்கிறது.