சைக்கிள் நிகழ்ச்சிக்கு நிதியுதவி: கேள்வியும் பதிலும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. எவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதியவர்கள், யாரைச் சைக்கிளில் ஏற்றப் போகிறோம் என்று எழுதவில்லை. அடுத்த முறை எழுதும்போது அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: போன மாதம் எங்கள் சங்கம் சைக்கிள் தின விழா நடத்தியது. எல்லாச் செலவுக்கும் ரசீது இருக்கிறது. இப்போது விண்ணப்பித்தால் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. முடிந்துபோன செலவுக்கு யாரும் நிதி தருவதில்லை. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒரு கடிதம் இப்படி வந்துவிடுகிறது. உலக சைக்கிள் தினம் ஜூன் 3. ஐ.நா. பொதுச்சபை 2018-இல் அறிவித்த நாளிலிருந்து அந்தத் தேதி மாறவில்லை. அடுத்த ஜூனுக்கு இப்போதே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: சைக்கிள் நிகழ்ச்சி நடத்த எவ்வளவு கிடைக்கும்?

கடிதம் முழுவதும் இந்த ஒரு வரிதான். எத்தனை பேருக்கு, எத்தனை நாள், என்ன நிகழ்ச்சி, யார் நடத்துகிறார்கள் என்று எதுவும் இல்லை. இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் செலவுப் பட்டியலை முதலில் போடுங்கள். கேட்க வேண்டிய தொகையை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

கேள்வி: நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட நண்பர் குழு. பதிவு செய்யவில்லை, வங்கிக் கணக்கும் இல்லை. விண்ணப்பிக்க வழி உண்டா?

உண்டு. பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பெயரில் விண்ணப்பித்து, பணத்தை அவர்கள் கணக்கில் வாங்கிச் செலவழிக்கலாம். நிதி தருகிறவர்கள் இதை ஏற்பார்களா என்று முதலில் விதிமுறையில் பாருங்கள். ஏற்றால், அந்த அமைப்போடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். பணம் வந்து எத்தனை நாளில் உங்களுக்கு விடுவிப்பார்கள், ரசீது யார் வைத்திருப்பார்கள், நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பத்து சதவீதம் வரை பிடித்தால் நியாயம். அதற்கு மேல் கேட்டால் வேறு இடம் பாருங்கள். உங்களில் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் மட்டும் பணத்தை வாங்காதீர்கள். நல்ல நண்பர் குழுக்கள் உடைந்துபோனதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

கேள்வி: ஐந்நூறு பேர் கலந்துகொள்ளும் சைக்கிள் பேரணிக்கு விண்ணப்பித்தோம். டி-சர்ட், பதக்கம், மேடை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் விவரமாகக் கணக்குக் கொடுத்தோம். நிராகரித்துவிட்டார்கள். எங்கே தவறினோம்?

நீங்கள் சொன்ன பட்டியலை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டி-சர்ட், பதக்கம், மேடை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி. சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கு, அல்லது ஓட்டி இருபது வருடம் ஆனவருக்கு, இதில் என்ன இருக்கிறது?

இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு, மறைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் இருந்தபோது, நிதி பெற்ற பேரணி ஒன்று முடிந்தபின் போய்ப் பார்த்தோம். மிஞ்சிய டி-சர்ட்டுகள் அட்டைப் பெட்டியிலேயே இருந்தன. கையெழுத்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பேசியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் முன்பிருந்தே தினமும் ஓட்டுகிறவர்கள். அன்று பேரணி போன தெருவில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு அம்மாவிடமும் பேசினேன். "என்கிட்டயும் சைக்கிள் இருக்கு சார், காத்து இறங்கி ஆறு வருஷமாச்சு" என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சீட்டின் மேல் பழைய துணி மூட்டை, செயின் முழுக்கத் துரு, டயர் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த நிதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அந்த வீடு. அரை மணி நேர வேலையும் ஒரு ஜோடி பிரேக் கட்டையும் இருந்தால் அந்தச் சைக்கிள் தெருவுக்கு வந்திருக்கும்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் ஒருங்கிணைப்பாளராக இருந்த ரோஜர் கெல்லர் என்பவர் 2006 வாக்கில் நகர மக்களை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் பயமின்றி ஓட்டுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஓரளவு வசதி இருந்தால் விரும்பி ஓட்டுகிறவர்கள் ஏழு பேர். என்ன செய்தாலும் ஓட்ட மாட்டோம் என்கிறவர்கள் முப்பத்துச் சொச்சம். மீதி அறுபது பேருக்கு ஆசை இருக்கிறது, கூடவே பயமும் இருக்கிறது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பிறகு முறையாகக் கணக்கெடுத்தபோதும் ஆசையும் பயமும் சேர்ந்த இந்தக் கூட்டம்தான் பெரிதாக வந்தது. பேரணிக்கு வருகிறவர்கள் முதல் இரண்டு வகை. நிதி ஒதுக்கியிருப்பது ஆசையும் பயமும் சேர்ந்த அந்த அறுபது பேருக்கு. வாசலில் நின்ற அந்த அம்மாவுக்கு.

கூட்டமாக ஓட்டுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஞாயிறும் விடுமுறை நாளும் காலை ஏழு மணி முதல் மதியம் இரண்டு வரை சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். சிக்லோவியா என்று பெயர். 1974-இல் தொடங்கியது, இன்று சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. அங்கே பதக்கம் கிடையாது. வாரம் தவறாமல் நடக்கிறது, அதனால் இந்த வாரம் நடந்து வந்து பார்த்தவர் என்றாவது ஒரு வாரம் சைக்கிளோடு வருவார். உங்கள் ஐந்நூறு பேர் பேரணிக்குக் கேட்ட பணத்தில் முப்பது பேரோடு எட்டு வாரம் சிறு பயணம் போகலாம். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர், போக்குவரத்து குறைந்த தெருக்கள், பின்னால் வருகிறவருக்காக நிற்கும் ஒரு வழிகாட்டி. அப்படி மாற்றி எழுதுங்கள். டி-சர்ட்டை அடியோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓட்டவே தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்க விரும்புகிறோம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று போடுவது?

நான்கு, மிஞ்சினால் ஐந்து. பத்து என்று போட்டால் மதிப்பீடு செய்கிறவர்கள் உங்களுக்கு அனுபவமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். முறையையும் இரண்டு வரியில் எழுதுங்கள்: பெடல் இரண்டையும் கழற்றி, இரு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்கி, முதலில் பிரேக் பிடிக்கப் பழக்கி, பிறகு காலால் உந்திப் போகவிடுவது. சமநிலை வந்தபிறகுதான் பெடல். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறை பெரியவர்களுக்கு உதவாது. பிடித்திருப்பவர் விட்டுவிடுவாரோ என்ற நினைப்பிலேயே உடம்பு விறைத்துவிடும்.

ஒரு வகுப்பில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் முதல் அரை மணி நேரம் கைப்பிடியை நசுக்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தையே பார்த்தபடி நடந்தார். தூரத்தில் இருந்த மரத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த சுற்றில் இரண்டு காலும் தரையை விட்டு எழுந்தன. பத்தடி போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது. இறங்கி நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இதைத்தான் உங்கள் விண்ணப்பம் வாங்கித் தர வேண்டும்.

தன்னார்வலர்களுக்கு ஒரு குறிப்பு: இடது பெடலின் திருகு மரை எதிர்ப்பக்கம் திரும்பும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்த சைக்கிள்கள் ஏராளம்.

கேள்வி: பழுதுபார்ப்பு முகாம் நடத்துகிறோம். கருவிகள் வாங்குவதை எந்தச் செலவில் காட்டுவது?

ஸ்டாண்டு, பெரிய காற்று பம்பு, ஸ்பானர் செட்டு எல்லாம் மூலதனச் செலவு. பிரேக் கட்டை, டியூப், கேபிள், எண்ணெய் எல்லாம் நடப்புச் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். சில திட்டங்கள் மூலதனத்துக்குப் பணமே தராது. ஆகவே விதிமுறையைப் படித்துவிட்டு எழுதுங்கள். கருவிகளை முகாம் முடிந்தபின் யார் வைத்திருப்பார்கள் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு அட்டை போடுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஃப்ரேமில் விரிசலோ ஃபோர்க்கில் வளைவோ இருந்தால் ஓட்டத் தகுதியில்லை என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளை விபத்து என்றால் உங்களைக் காப்பாற்றுவது அந்த அட்டைதான்.

கேள்வி: தன்னார்வலர் உழைப்பை எங்கள் பங்களிப்பாகக் காட்டலாமா?

விதியில் இடம் இருந்தால் காட்டலாம். மணிக்கணக்கு போட்டு, நியாயமான கூலியால் பெருக்கி, வருகைப் பதிவேட்டோடு வையுங்கள். அதே மணி நேரத்தை இன்னொரு விண்ணப்பத்திலும் காட்டாதீர்கள். தணிக்கையில் பிடிபட்டால் இரண்டும் போகும்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹீட்' கணக்கீட்டில் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஒருநாள் நிகழ்ச்சியால் பல உயிர்கள் காப்பாற்றப்படும் என்று பெரிய தொகை வருகிறது. விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். மக்கள் வழக்கமாக, நீண்டகாலமாக ஓட்டும்போது இறப்பு எவ்வளவு குறைகிறது என்று மக்கள்தொகை அளவில் பார்க்கும் கருவி அது. ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போடக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மற்றப் பக்கங்களையும் சந்தேகப்படுவார்.

எளிமையாக அளவிடுங்கள். வரும் அன்றே ஒரு கேள்வி: கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் சைக்கிள் ஓட்டினீர்கள்? மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை அதே ஆட்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். அழைப்பதற்கான அனுமதியை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பூஜ்யம் என்று சொன்னவர் இரண்டு என்று சொன்னால் அதுதான் பலன். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அரை மணி வீதம் வாரம் ஐந்து நாள் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தால் அந்த 150 வந்துவிடும். இந்த ஒப்பீட்டைத் தாராளமாக எழுதலாம். தொலைபேசி வேலைக்கும் செலவுக் கணக்கில் பணம் ஒதுக்குங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: முழங்கால் வலி உள்ளவர்கள், முதியவர்கள், உடல் ஊனமுற்றோர் வருவார்கள். மூன்று சக்கர சைக்கிள், மின்சார உதவி சைக்கிள் எல்லாம் கேட்டால் ஆடம்பரம் என்பார்களா?

சொல்ல மாட்டார்கள். தயங்காமல் கேளுங்கள். வாங்குவதற்குப் பதில் வாடகைக்கு எடுங்கள், தொகை குறையும். யார் யார் வரப்போகிறார்கள் என்று முன்பே பேசி, எத்தனை வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். இந்த வாரம் வந்ததில் மனதுக்கு நிறைவான கடிதம் உங்களுடையது.

கேள்வி: மழையால் நிகழ்ச்சி ரத்தானது. பந்தலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதிப் பணத்தை வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தலாமா?

கேட்காமல் தொடாதீர்கள். இன்றே நிதி கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மீதி, மாற்றுத் தேதி எது. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் செலவழித்துவிட்டுப் பிறகு சொன்னால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். இனிமேல் மாற்றுத் தேதியை விண்ணப்பத்திலேயே போடுங்கள், எதிர்பாராச் செலவுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் ஒதுக்குங்கள். மாற்றுத் தேதிக்கும் எழுத்தில் அனுமதி வரும்வரை செலவு வேண்டாம்.

கேள்வி: வெற்றி பெற்ற விண்ணப்பம் ஒன்றின் நகல் அனுப்ப முடியுமா? பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

முடியாது. அந்த விண்ணப்பம் வென்றதற்குக் காரணமே, அதை எழுதியவர்கள் தங்கள் பகுதியில் நாற்பது வீடு ஏறி இறங்கி, ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்ததுதான். நீங்களும் நாற்பது வீடு போங்கள்.

கேள்வி: கடைசி நாள் இரவு இணையத்தில் அனுப்பலாமா?

இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். அந்தத் தாள் அனுமதிக் கடிதம் ஆகாது, அதைக் காட்டிப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.