ஐந்தாண்டு ஏவுகணை ஒப்பந்தத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சிறிய இயந்திரப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். ஏவுகணை தயாரிக்கும் பெருநிறுவனம் ஒன்றுக்கு உலோகப் பாகங்களைக் கடைந்து தருகிறோம். அரசிடமிருந்து பல்லாண்டு ஒப்பந்தம் கிடைத்திருப்பதாகவும், உற்பத்தி பெருகப்போவதால் நாங்கள் இரண்டு புதிய சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரங்களை வாங்க வேண்டும் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. வங்கிக் கடன் இல்லாமல் அது முடியாது. ஐந்தாண்டுக்கும் வேலை உறுதிதானா? இடையில் அரசு கைவிட்டால் எங்கள் கடனுக்கு யார் பொறுப்பு?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அரசுக்கும் பெருநிறுவனத்துக்கும் இடையில் உள்ளது ஒன்று. பெருநிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது மற்றொன்று. முதலாவது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த உறுதி தானாகவே இரண்டாவதற்கு இறங்கி வந்துவிடாது. ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் நீங்கள் படிக்க வேண்டியது செய்தித்தாளில் வந்த தொகையை அல்ல, உங்கள் மேசையில் இருக்கும் கொள்முதல் ஆணையை.

முதலில், பெருநிறுவனத்தின் கையில் இருப்பது உண்மையிலேயே பல்லாண்டு ஒப்பந்தம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு நீளும் எல்லா ஒப்பந்தங்களையும் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறானவை. ஓராண்டுக் கொள்முதலோடு அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு ஆப்ஷன் (விரும்பினால் மட்டும் வாங்கிக்கொள்ளும் உரிமை) சேர்த்த ஒப்பந்தத்தில், அரசு அந்த ஆப்ஷனைப் பயன்படுத்தாமல் விட்டால் எவருக்கும் எந்த இழப்பீடும் இல்லை. உச்சவரம்புத் தொகையை மட்டும் குறிப்பிட்டு, அவ்வப்போது ஆணைகள் வழங்கும் ஒப்பந்தங்களில், பல நூறு கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்டாலும் அரசு வாங்கியே தீர வேண்டிய குறைந்தபட்ச அளவு மிகச் சிறியதாக இருக்கலாம். பெருநிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் இந்த வேறுபாட்டை நமக்கு விளக்கிச் சொல்வதில் பெரிதாக ஆர்வம் காட்டுவதில்லை.

உண்மையான பல்லாண்டுக் கொள்முதல் என்பது, பொதுவாக ஐந்து திட்ட ஆண்டுகள் வரையிலான தேவையை ஒரே ஒப்பந்தத்தில் வாங்க காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அளிக்கும் தனி அதிகாரம். 1981 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்துக்குப் பின் இம்முறை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. குறிப்பிடத்தக்க சேமிப்பு கிடைக்க வேண்டும், பொருளின் தேவையும் வடிவமைப்பும் நிலையாக இருக்க வேண்டும், செலவு மதிப்பீடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் நிபந்தனைகள் விதிக்கிறது. 50 கோடி டாலரைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கு காங்கிரஸ் சட்டத்தின் மூலம் தனியே அனுமதி தர வேண்டும். ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல்களும் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளும் நீண்ட காலமாக இம்முறையில் வாங்கப்படுகின்றன. ஆண்டுக்கொரு ஒப்பந்தம் போடுவதோடு ஒப்பிட்டால் 5 முதல் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்றே பெரும்பாலான மதிப்பீடுகள் கூறுகின்றன. ஆனால் ஒரே கப்பலை இரண்டு விதமாகவும் வாங்கிப் பார்க்க முடியாது என்பதால், உண்மையில் எவ்வளவு மிச்சமானது என்பதை எவரும் துல்லியமாக நிரூபித்ததில்லை.

ஏவுகணைகளுக்கும் பீரங்கிக் குண்டுகளுக்கும் இம்முறை இவ்வளவு தீவிரமாக வந்திருப்பது உக்ரைன் போருக்குப் பின்னர்தான். அதற்கு முன்பு, பட்ஜெட்டில் எங்காவது துண்டு விழுந்தால் முதலில் வெட்டு விழுவது வெடிபொருள் கொள்முதலில்தான். கப்பலைப் பாதியாக வாங்க முடியாது, ஏவுகணைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க முடியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏறத்தாழ 18 ஆண்டுகளாகப் புதிய ஸ்டிங்கர் (தோளில் வைத்து ஏவும் விமான எதிர்ப்பு) ஏவுகணைகளை வாங்கவில்லை என்று 2022 ஏப்ரலில் அவற்றைத் தயாரிக்கும் ரேதியான் நிறுவனத் தலைவர் சொன்னபோது, அதன் சில மின்னணுப் பாகங்கள் சந்தையிலிருந்தே மறைந்து போயிருந்தன. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளின் உற்பத்தி போருக்கு முன் மாதத்துக்குச் சுமார் 14,000 ஆக இருந்தது. அதை 1,00,000 ஆக உயர்த்த ராணுவம் இலக்கு வைத்தது. உங்களைப் போன்ற பட்டறைகள் முதலீடு செய்யாமல் அந்த எண்ணிக்கை சாத்தியமில்லை. வருமா வராதா என்று தெரியாத ஆணைக்காக எந்தப் பட்டறையும் முதலீடு செய்யாது. அதனால்தான் 2022 டிசம்பரில் கையெழுத்தான தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் பலவகை வெடிபொருள்களுக்குப் பல்லாண்டு அதிகாரம் வழங்கியது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். பல்லாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் எல்லா ஆண்டுகளுக்குமான பணமும் ஒதுக்கப்படுவதில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் காங்கிரஸ் தனித்தனியே ஒதுக்கீடு செய்கிறது. அடுத்த ஆண்டுக்கு நிதி உண்டு என்று ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குள் அரசு அறிவிக்காவிட்டாலும், நிதி இல்லை என்று அறிவித்தாலும், மீதமுள்ள ஆண்டுகள் முழுவதும் ரத்தாகும். அப்படி ரத்தானால் தருவதற்காகவே ‘ரத்துக் கட்டணம்’ இருக்கிறது. அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு, அந்த உச்சவரம்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். ஆப்ஷன் ஒப்பந்தத்தில் இல்லாத பாதுகாப்பு இதுவே.

இந்தக் கட்டணத்தைக் கணக்கிடும்போது உங்களைப் போன்ற துணை ஒப்பந்ததாரர் செய்த செலவையும் சேர்க்கலாம் என்று அரசின் கொள்முதல் விதிகள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. முழு ஒப்பந்தக் காலத்திலும் சிறிது சிறிதாக ஈடுகட்டியிருக்க வேண்டிய, ரத்தானதால் ஈடுகட்ட முடியாமல் போன, ஒருமுறை மட்டும் ஆகும் செலவுகளே அதில் அடங்கும்: தனிப்பட்ட கருவிகளும் அச்சுகளும், சோதனைக் கருவிகள், முன்னோட்ட உற்பத்தி, தொழிலாளர் பயிற்சி போன்றவை. செய்யாத வேலைக்கான எதிர்பார்ப்பு லாபம் அதில் வராது. உங்களைப் பொறுத்தவரை முக்கியமான நிபந்தனை இன்னொன்று இருக்கிறது. இந்த வேலைக்காக ஏற்படுத்திக்கொண்ட வசதியை உங்கள் மற்ற வணிக வேலைகளுக்குப் பயன்படுத்துவது நடைமுறையில் இயலாதென்றால் மட்டுமே அதன் செலவைக் கோர முடியும்.

பொதுப் பயன்பாட்டு சிஎன்சி இயந்திரம் அந்த நிபந்தனையில் பெரும்பாலும் தேறாது. அதில் நாளைக்கே வேறு வாடிக்கையாளரின் பாகத்தைக் கடையலாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஏவுகணைக்கென்றே செய்த பிடிமானச் சட்டமும் அளவுகோல்களும் தேறும். விற்க முடிந்த இயந்திரத்துக்கு இழப்பீடு இல்லை. இழப்பீடு உள்ள கருவியை விற்க முடியாது. ஆகவே முதலீட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கெழுதுங்கள். இயந்திரத்துக்கான கடனை, இந்த ஆணை இல்லாமலும் உங்கள் பட்டறை அடைக்க முடியுமா என்ற அளவுகோலால் மட்டுமே முடிவு செய்யுங்கள். தனிப்பட்ட கருவிகளின் செலவைப் பெருநிறுவனத்தின் ரத்து உச்சவரம்புக் கணக்கில் எழுத்துமூலம் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதென்றால், அதில் உங்கள் பங்கு இருக்கிறதா, எவ்வளவு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் உங்கள் பங்கு அதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உங்கள் கொள்முதல் ஆணை. மேலே பல்லாண்டு ஒப்பந்தம் இருந்தும், கீழே உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு ஆணையோ, ‘மதிப்பிடப்பட்ட அளவு’ என்று மட்டும் எழுதிய நீண்டகால உடன்படிக்கையோ தருவது சாதாரணமாக நடக்கிறது. மதிப்பிடப்பட்ட அளவு எவரையும் கட்டுப்படுத்தாது. பல்லாண்டுக் கொள்முதலின் பலன் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் சேர வேண்டும், அவர்களுக்குரிய தொகை இயன்றவரை விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்று பல்லாண்டுக் கொள்முதலுக்கான சட்டமே கூறுகிறது. பேச்சுவார்த்தையில் அதைச் சுட்டிக்காட்டத் தயங்க வேண்டாம். பிந்தைய ஆண்டுகளுக்கான பாகங்களை மொத்தமாக முன்கூட்டியே வாங்க அரசு தனியே நிதி தருவதும் உண்டு. உங்கள் பாகம் அந்த நிதியில் வாங்கப்படுமானால் முதல் ஆண்டிலேயே பெரிய, உறுதியான ஆணை வரும்; கடன் வாங்குபவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. விலையைப் பல ஆண்டுக்கு ஒரே அளவில் நிறுத்துவதானால், உலோக விலை ஏறினால் திருத்திக்கொள்ளும் விதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சொன்னது சரிதானா என்று நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. 75 லட்சம் டாலரும் அதற்கு மேலுமான ஒப்பந்தங்களைப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு வேலைநாள் மாலையிலும் அறிவிக்கிறது. மொத்த மதிப்போடு, ஒப்பந்தம் வழங்கும்போதே ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எந்த நிதியாண்டுப் பணம் என்பதும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இன்னும் காங்கிரஸ் தர வேண்டிய பணம். பல்லாண்டு என்றால் ஐந்து என்றும் கொள்ள வேண்டாம்: 2024 ஜூனில் 870 பிஏசி-3 எம்எஸ்இ (பேட்ரியட் வான்காப்பு அமைப்பின் இடைமறிப்பு) ஏவுகணைகளுக்கு லாக்ஹீட் மார்ட்டின் பெற்ற 450 கோடி டாலர் ஒப்பந்தம் மூன்று நிதியாண்டுத் தேவைக்கானது. அந்த ஆண்டுக்கான பாதுகாப்பு ஒதுக்கீட்டுச் சட்டம் மார்ச் மாதத்தில்தான் கையெழுத்தானது. ஒதுக்கீட்டுச் சட்டம் தாமதமாகும்போது செலவை ஓட்டுவதற்கான இடைக்கால நிதித் தீர்மானம் நடப்பில் இருக்கும்போது பொதுவாகப் புதிய பல்லாண்டுக் கொள்முதலைத் தொடங்கவோ உற்பத்தி வேகத்தைக் கூட்டவோ அனுமதி இல்லை என்பதால், அக்டோபரில் வரும் என்று சொன்ன ஆணை வசந்த காலத்தில் வரக்கூடும். கடன் தவணையின் தொடக்கத்தைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிவைக்க வங்கியிடம் பேசுங்கள்.

என் யோசனை இதுதான்: இப்போது ஓர் இயந்திரம் வாங்குங்கள்; இரண்டாவதை, எண்ணிக்கை குறிப்பிட்ட பல்லாண்டு ஆணை உங்கள் பெயரில் வந்த பிறகு வாங்குங்கள். ஆணையின் வாசகத்தை அரசு ஒப்பந்தங்களில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு முன் உங்கள் மாநிலத்தில் உள்ள ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் மையத்தை அணுகினால் சிறுதொழில்களுக்கான ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். கருவிகள், பயிற்சி, முன்னோட்டம் ஆகியவற்றுக்கான ரசீதுகளை முதல் நாளிலிருந்தே தனிக் கோப்பில் வையுங்கள். ரத்து அறிவிப்பு வந்தால் கோரிக்கையைச் சமர்ப்பிக்கப் பெருநிறுவனத்துக்கே அதிகபட்சம் ஓராண்டுதான் அவகாசம். அவர்கள் உங்களுக்குத் தரும் அவகாசம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.