கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்: தை பிறந்த பிறகு வாருங்கள்

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். நான், கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். ஆஸ்திரியாவில் டானூப் ஆற்றோரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, கார் லாரி தொல்லை இல்லாமல் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போகும் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு அதே நினைப்பு. கம்பம் பக்கம் அப்படிப் போக முடியுமா? அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்கலாம். மூவரிடமும் கியர் சைக்கிள் இருக்கிறது. குமுளி வரை ஏறலாமா?

பதில்: கம்பம் பக்கம் தாராளமாக வரலாம். குமுளி ஏற வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் வரவே வேண்டாம்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை இந்தப் பள்ளத்தாக்கு ஐயப்ப பக்தர்களுடையது. தேனி, கம்பம், குமுளி என்று போகும் நெடுஞ்சாலைதான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குச் சபரிமலை வழி. நெரிசல் தாங்காமல் போனால் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். ஏறும் வண்டிகள் கம்பம்மெட்டு வழி, இறங்கும் வண்டிகள் குமுளி வழி. இரவெல்லாம் கண் விழித்து ஓட்டிய டிரைவர்கள் கம்பத்தையும் கூடலூரையும் தாண்டுகிற விடியற்காலையில்தான் நீங்களும் சைக்கிளை எடுப்பீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை எதற்கு?

ஜனவரி 20-க்கு மேல் சபரிமலை நடை சாத்திவிடும். குடியரசு தினத்தை ஒட்டி இரண்டு மூன்று நாள் சேர்ந்து விடுமுறை வந்தால் அதைப் பிடியுங்கள். காலையில் லேசான குளிர், வெயில் கடுமை இல்லை, ஆற்றிலும் வாய்க்காலிலும் இரண்டாம் போகத்துக்கான தண்ணீர் ஓடும். தை அமாவாசை எந்தத் தேதி என்று மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று சுருளியில் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் ரோட்டை அடைத்துவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வேறு சிக்கல்: கேரளப் பக்கமிருந்து மலை இடுக்கு வழியே காற்று இறங்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று முதலில் சொன்னவர் கூடலூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் மிதித்துப் பார்த்தால் தெரியும்.

இனி டானூப் விஷயம். நீங்கள் பார்த்தது அநேகமாக மெல்க், கிரெம்ஸ் ஊர்களுக்கு இடையே சுமார் 36 கிலோமீட்டர் நீளும் வாக்கௌ பள்ளத்தாக்காக இருக்கும். அங்கே சைக்கிளுக்கென்று வழி குறித்து, பலகை வைத்து, பெரும்பகுதியை நெடுஞ்சாலையிலிருந்து பிரித்திருக்கிறார்கள். கம்பத்தில் அப்படித் தனிப் பாதை கிடையாது. இங்கே இருப்பது ஊர் ரோடுகளும் வாய்க்கால் கரைகளும். அவற்றில் வண்டி குறைகிற சில மணி நேரம் உண்டு. அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் வித்தை.

அதற்கு ஜீப்புகளின் கணக்குத் தெரிய வேண்டும். கம்பம், கூடலூர், சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து தினமும் ஏராளமான பெண்கள் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பி, ஏழு மணி வாக்கில் மலையேறிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே வேகத்தில் இறங்கும். வேகம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு நாளில் இரண்டாவது நடை அடிக்க முடியுமா என்று பார்க்கிறவர்கள் ஓட்டுவது அது. ஆகவே காலை ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்து, பதினொன்றுக்குள் லாட்ஜுக்குத் திரும்புங்கள். மதியத்துக்கு மேல் இன்னொரு சின்னச் சுற்று வேண்டுமானால் மூன்றரைக்குள் முடியுங்கள்.

கம்பத்திலேயே தங்குங்கள். ஊருக்குக் கிழக்கே முல்லைப்பெரியாற்றைத் தாண்டிவிட்டால் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று திராட்சை ஊர்கள். ஆற்றங்கரையில் நெல், அதை ஒட்டி வாழையும் தென்னையும், மேட்டில் திராட்சை. டானூப் கரை மாதிரி மலைச்சரிவில் படிப்படியாகக் கொடி ஏறியிருக்கும் என்று மகளுக்கு ஆசை காட்டாதீர்கள். இங்கே பந்தல் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குக் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். சைக்கிளில் போகும்போது தெரிவது ஒரு பச்சைக் கூரைதான். இறங்கி, குனிந்து, பந்தலுக்கு அடியில் பார்த்தால்தான் கறுப்புக் குலைகள் வரிசையாகத் தொங்குவது தெரியும். முதல் தடவை பார்க்கிற எல்லோருமே ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள்.

இது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடியின் பழைய கிளைகளைக் கழித்து, அதாவது கவாத்து வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தேதியில் கவாத்து என்பதால், வருடத்தில் எப்போது வந்தாலும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். மற்ற ஊர்த் திராட்சைக்கு வாய்க்காத வசதி. தோட்டத்துக்குள் போக ஆசைப்பட்டால் வாசலில் நின்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். மருந்து அடித்துக்கொண்டிருந்தால் நிற்காமல் கடந்துவிடுங்கள். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் அடிக்கிற மருந்து காற்றில் ரோடு வரை வரும். எவ்வளவு பழுத்திருந்தாலும் பறித்த கையோடு வாயில் போடக் கூடாது.

முதல் நாள் சுருளிப்பட்டி வழியாகச் சுருளி அருவி போய் வாருங்கள். போக வர இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அருவியை நெருங்கும்போது மட்டும் லேசான ஏற்றம். அருவி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. யானை நடமாட்டம் இருந்தாலோ வெள்ளம் வந்தாலோ மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் லாட்ஜில் விசாரியுங்கள். இதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துபோன ஊர் இது. காட்டை ஒட்டிய தோட்டப் பாதைகளில் இருட்டுகிற நேரத்தில் இருக்காதீர்கள்.

இரண்டாம் நாள் கருநாக்கமுத்தன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி பக்கமாகக் கூடலூர், அங்கிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப். கடைசிச் சில கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அங்கே மகளை நடுவில் விட்டு ஒரே வரிசையில் போங்கள். லோயர் கேம்பில், முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக்கின் மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை, 1895-இல் முடிந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பின. நீங்கள் கடந்து வந்த நெல்லும் வாழையும் அந்தத் தண்ணீரில் விளைவதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் பாசனம். மண்டபத்து வாசலில் வைத்து மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மேலே மலையில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களும் தெரியும். அவற்றால்தான் ஓர் எச்சரிக்கை: தண்ணீர் திறப்பைக் கூட்டினால் ஆற்றின் மட்டம் சட்டென்று ஏறும். மேகம் இல்லை, மழை இல்லை என்று நம்பி ஆற்றில் இறங்காதீர்கள்.

குமுளி அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 900 மீட்டர். ஏறுவதை உங்கள் கால் தாங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ், முன்னால் ஜீப் என்று மாட்டிக்கொள்வதும், இறக்கத்தில் பிரேக் சூடேறுவதும்தான் பயம். தேக்கடி பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளை லாட்ஜில் பூட்டிவிட்டு பஸ்ஸில் போங்கள்.

மூன்றாம் நாளை இறங்குமுகமாக வைத்துக்கொள்ளலாம்: இராயப்பன்பட்டி வழியாக உத்தமபாளையம். அங்கே பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன.

சைக்கிளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், அது வால்வு. கியர் சைக்கிள் பலவற்றில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. நாராயணத்தேவன்பட்டியில் ஒருமுறை என் டியூப் ஒட்டப்பட்டு, காற்று மட்டும் அடிக்க முடியாமல், கம்பம் வரை உருட்டிக்கொண்டு நடந்தேன். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் அந்த நடை மிச்சம். வாய்க்கால் கரையில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் உண்டு. மெல்லிய டயர் என்றால் கரையில் இறங்காமல் தார் ரோட்டிலேயே இருங்கள். ஆளுக்கு ஒரு மாற்று டியூப் போதும்.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் உண்டு. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். மூன்று சைக்கிளுக்கு அந்த அலைச்சலைவிட, காரின் பின்னால் ரேக் மாட்டிக் கம்பம் வரை வந்துவிடுவது சுலபம்.

பழம் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீருக்குத் தோல் மெல்லிசு. சைக்கிள் கேரியரில் கட்டினால் லாட்ஜுக்கு வருவதற்குள் ஜூஸாகிவிடும். திரும்பும்போது காரை ஊர் ரோட்டில் விட்டு, அறுவடை நடக்கிற தோட்டத்திலேயே பெட்டியாகக் கேளுங்கள். மேலே வெள்ளைப் பூச்சு கலையாத குலையாகப் பாருங்கள். கைபடாத பழம் என்று அர்த்தம். வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகு மகளிடம் கொடுங்கள்.